எச்.எம்.எஸ். கெல்லி: பேர் கப்பலுக்கா, கேப்டனுக்கா?

#1 கப்பல்பித்தன்

இரண்டாம் உலகப் போர் நாசகாரிக் கப்பல்களை (டெஸ்ட்ராயர்) பற்றி இங்கே யார் இழை தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் கெல்லி வந்து உட்கார்ந்துகொள்கிறது. மவுண்ட்பேட்டன் கேப்டனாக இருந்த கப்பல், வீரக் கப்பல், எத்தனை அடி வாங்கினாலும் திரும்பி வந்த கப்பல் என்று ஒரே பாராட்டு. அதன் சேவைக் காலத்தைத் தேதி வாரியாக எடுத்து வைத்துப் பார்த்தால் எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது, அதனால்தான் இந்த இழை.

23 ஆகஸ்ட் 1939ல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தது. 23 மே 1941ல் கிரீட் தீவுக்குத் தெற்கே மூழ்கியது. சரியாக 21 மாதம். அதில் கிட்டத்தட்ட பாதிக் காலம் பழுதுபார்க்கும் தளத்தில்தான் கிடந்தது. டிசம்பர் 1939ல் கண்ணிவெடி, மார்ச் 1940ல் சொந்தக் கடற்படைக் கப்பலோடு மோதல், மே 1940ல் டார்பிடோ. இத்தனைக்கும் நடுவில் சொல்லிக்கொள்ளும்படி எதிரியின் போர்க்கப்பல் ஒன்றையாவது மூழ்கடித்ததா என்றால் இல்லை. மவுண்ட்பேட்டனுக்கு டி.எஸ்.ஓ. பதக்கம் கொடுக்கலாமா என்று பேச்சு வந்தபோது ஹோம் ஃப்ளீட் (பிரிட்டனின் தாய்நாட்டுக் கடல்களைக் காக்கும் படை) தலைமைத் தளபதி அட்மிரல் ஃபோர்ப்ஸ் மறுத்தார். கண்ணிவெடி, மோதல், டார்பிடோ என்று போய் இந்தக் கப்பல் போரில் மொத்தமே 57 நாள்தான் கடலில் இருந்திருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். (பதக்கம் பிறகு 1941 ஜனவரியில் எப்படியோ வந்து சேர்ந்தது, அது தனிக் கதை.)

என் கட்சி இதுதான். கெல்லிக்குக் கிடைத்த பேரில் பெரும்பங்கு அதை வடிவமைத்தவர்களுக்கும் இங்கிலாந்தின் டைன் நதிக்கரை ஹெப்பர்னில் கட்டின ஆட்களுக்கும் கீழ்த்தளத்து மாலுமிகளுக்கும் போகவேண்டியது. கேப்டன் தன் பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டார். மறுப்பவர்கள் வரலாம்.

#2 ஓட்டேரி_நரி

அரச குடும்பத்து ஆள் கேப்டன், நல்ல உயரம், நல்ல முகவெட்டு, கூடவே பத்திரிகைக்காரர்கள் பழக்கம். வேறென்ன வேண்டும் புகழுக்கு? 1942லேயே இந்தக் கப்பல் கதையை வைத்து ஒரு படம் எடுத்துவிட்டார்கள், கப்பல் பெயரை மட்டும் மாற்றி. போர் முடிவதற்கு முன்பே சினிமாவில் வந்துவிட்ட கப்பலோடு மற்ற கப்பல் எப்படிப் போட்டி போடும்?

போர் தொடங்கி பத்து நாள் ஆகவில்லை, இந்தக் கப்பலுக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா, முடி துறந்த வின்ட்சர் கோமகனையும் மனைவியையும் பிரான்சின் ஷெர்பூர் துறைமுகத்தில் இருந்து போர்ட்ஸ்மவுத் கூட்டிக்கொண்டு வருவது. டாக்சி சர்வீஸ்.

#3 சங்கீதா_வரலாறு

நரி சார், நக்கல் சரி, ஆனால் அதை மவுண்ட்பேட்டன் கேட்டு வாங்கிய வேலை மாதிரி சொல்லாதீர்கள், அனுப்பினார்கள், போனார்.

கப்பல்பித்தன் சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். நாசகாரிக் கப்பலை எதிரிக் கப்பல்களை எத்தனை மூழ்கடித்தது என்று கணக்குப் பார்ப்பது மட்டும் சரியான அளவுகோலா என்று தெரியவில்லை. காவல் போவது, நீர்மூழ்கியைத் தேடுவது, மாட்டிக்கொண்ட படையை ஏற்றிக்கொண்டு வருவது, இதுதான் அந்த வகைக் கப்பலின் அன்றாடம். நார்வேயில் நாம்சோஸ் நினைவிருக்கிறதா? 1940 மே முதல் வாரம். உள்ளே மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படை ஐயாயிரம் பேருக்கு மேல். வெளியே கடல் முழுக்க மூடுபனி, பனி விலகினால் மேலே ஜெர்மன் விமானம். அந்தப் பனிக்குள் நீண்டு வளைந்து போகும் ஃபியோர்டில் (மலைகளுக்கு நடுவே உள்ளே நுழையும் கடல் இடுக்கு) கெல்லியை முன்னால் விட்டுக்கொண்டு போனவர் மவுண்ட்பேட்டன். ஒரே இரவில் எல்லோரையும் ஏற்றினார்கள். மறுநாள் காலை வெளியே வரும்போது பிரிட்டனின் அஃப்ரிடி, பிரான்சின் பைசன் என்ற இரண்டு நாசகாரிகள் குண்டு விழுந்து மூழ்கின. அன்று எல்லாக் கப்பலுமே போயிருக்கலாம்.

துணிச்சல் இல்லாத ஆள் இதைச் செய்யமாட்டார். அதைச் சொல்லிவிட்டுத்தான் குறை சொல்லவேண்டும்.

#4 கப்பல்பித்தன்

துணிச்சலை நான் எங்கே மறுத்தேன் மேடம்? துணிச்சல் வண்டி வண்டியாக இருந்தது, அதுதான் சிக்கலே. எங்கே போனாலும் முழு வேகம். 1939 கடைசியில் நார்வேப் பக்கம் போய்த் திரும்பும்போது கொந்தளிக்கிற கடலில் வேகத்தைக் குறைக்காமல் திருப்பி, கப்பல் ஐம்பது டிகிரி சாய்ந்து, படகுகளும் கைப்பிடிக் கம்பிகளும் கடலோடு போயின. எதிரி ஒருத்தனும் பக்கத்தில் இல்லை.

அவருடைய அதிகாரபூர்வ வாழ்க்கை வரலாற்றை எழுதியவரே நாசகாரிக் கப்பல் தளபதியாக அவரை இரண்டாம் தரத்தில்தான் வைக்கிறார். இது எதிரிகள் சொன்னது இல்லை.

#5 முரளி_இன்ஜின்ரூம்

கேப்டன் சண்டையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், நான் கப்பலைப் பற்றிப் பேசுகிறேன், மெர்ச்சன்ட் நேவியில் பாய்லரோடு குடும்பம் நடத்தின ஆள் நான்.

கெல்லி கே-வகை நாசகாரிகளின் தலைமைக் கப்பல். ஏறத்தாழ 1,690 டன், 356 அடி நீளம், 40,000 குதிரைத்திறன், வேகம் 36 நாட் (மணிக்கு 36 கடல் மைல்). 4.7 அங்குலப் பீரங்கி ஆறு, இரட்டை இரட்டையாக மூன்று மேடையில். டார்பிடோ குழாய் பத்து. வெளியே இருந்து பார்த்தால் ஒரே ஒரு புகைபோக்கி, தாழ்வான உருவம், பார்க்கவே அழகான கப்பல். ஒற்றைப் புகைபோக்கிக்குக் காரணம் உள்ளே பாய்லர் இரண்டுதான். முந்தைய வகைகளில் மூன்று. ஒன்றைக் குறைத்ததால் நீளம் குறைந்தது, உருவம் சிறுத்தது, பீரங்கிக்கு வானம் திறந்தது. ஆனால் இரண்டு பாய்லர் அறையும் பக்கத்தில் பக்கத்தில். சரியான இடத்தில் ஒரு அடி விழுந்தால் நீராவி முழுக்கப் போய்விடும், நீராவி போனால் மின்சாரம் போகும், மின்சாரம் போனால் பம்ப் ஓடாது, பீரங்கியைக் கையால் சுழற்றவேண்டும். 1940 மேயில் அச்சு அசலாக இதுதான் நடந்தது.

இப்போது நல்ல பக்கம். அதுவரை பிரிட்டிஷ் நாசகாரிகளின் உடற்கூட்டில் விலா எலும்புகள் குறுக்குவாட்டில் நெருக்கமாகப் போகும். ஒரே வடிவமான ஜே, கே வகைகளில் அட்மிரால்டி (பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகம்) வடிவமைப்பாளர் ஏ.பி. கோல் நீளவாட்டுச் சட்டங்களை முதன்மையாக்கினார். கீற்றுக் கொட்டகைக்கு நீளமாக மூங்கில் போட்டு இறுக்கிக் கட்டுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் ஒரு இடம் பிய்ந்தாலும் இந்த முனையும் அந்த முனையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். கப்பல் கட்டும் தளங்களுக்கு முதலில் இது பிடிக்கவில்லை, பழகின முறையை மாற்றவேண்டுமே. 1940 மேயில் அடிபட்ட கெல்லி ஹெப்பர்ன் வந்து சேர்ந்ததற்கு முதல் காரணம் அந்த நீளவாட்டுச் சட்டங்கள்தான் என்பது என் எண்ணம்.

இந்த முறையை எடுத்துக்கொள்ளச் சொல்லி அழுத்தம் கொடுத்தவர்களில் தானும் ஒருவர் என்று மவுண்ட்பேட்டன் சொல்லிக்கொண்டதுண்டு. அந்தச் சமயத்தில் அவர் அட்மிரால்டியில்தான் வேலையில் இருந்தார், கோலைத் தெரியும். பொறியியலில் அவருக்கு நிஜமாகவே ஆர்வம் உண்டு. எவ்வளவு பங்கு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

#6 புதியவன்

அண்ணே, இந்த மோதல் கதையைக் கொஞ்சம் சொல்லுங்கள். சொந்தக் கப்பலோடு எப்படி மோதுவார்கள்?

#7 ஓட்டேரி_நரி

அது கெல்லி வரலாற்றிலேயே எனக்குப் பிடித்த பக்கம். கண்ணிவெடிப் பழுது பார்த்து வெளியே வந்த சூட்டோடு, மார்ச் 1940, பனிப்புயல், முன்னால் போகிற கப்பல் தெரியவில்லை. திடீரென்று பெரிய அதிர்ச்சி, முகப்பு கிழிந்துபோனது. கெல்லியில் இருந்து செய்தி போகிறது: கண்ணிவெடியோ டார்பிடோவோ தாக்கியிருக்கிறது, எது என்று தெரியவில்லை. முன்னால் போன கூர்க்கா என்ற நாசகாரியில் இருந்து பதில் வருகிறது: இடித்தது கண்ணிவெடி இல்லை, நான்தான்.

ஹெப்பர்ன் பட்டறைக்காரர்களுக்கு அந்த வருடம் கெல்லியாலேயே அடுப்பு எரிந்திருக்கும்.

#8 முரளி_இன்ஜின்ரூம்

அந்தக் கூர்க்காவின் கதியையும் சொல்லவேண்டும் நரி. மோதலுக்கு அடுத்த மாதம், 9 ஏப்ரல் 1940, நார்வேக்கு அப்பால் ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்களிடம் மாட்டிக்கொண்டு மூழ்கியது. விமானத் தாக்குதலில் போன முதல் பிரிட்டிஷ் நாசகாரி அது. கெல்லிக்கு என்ன வரப்போகிறது என்பதற்கான எச்சரிக்கை அங்கேயே இருந்தது.

டிசம்பர் கண்ணிவெடியையும் சேர்த்துவிடுகிறேன். 14 டிசம்பர் 1939. டைன் முகத்துவாரத்துக்கு வெளியே ஏதெல் டெம்ப்ளர் என்ற எண்ணெய்க் கப்பல் அடிபட்டுவிட்டது, உதவிக்குப் போனார்கள். கண்ணிவெடி கப்பலின் அடியில் உரசிக்கொண்டே பின்னால் போய் பின்பகுதிக்குக் கீழே வெடித்தது. உள்ளே இருந்தவர்களுக்கு அது தட்டித் தட்டிப் போகிற சத்தம் கேட்டிருக்கிறது. பாய்லர் அறையில் நின்று இப்படி ஒரு சத்தத்தைக் கேட்பது எப்படி இருக்கும் என்று வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்கமுடியாது.

#9 சங்கீதா_வரலாறு

அந்தச் சம்பவத்தில்தான் அந்த இளம் ஸ்டோக்கர் (பாய்லர் அறைத் தொழிலாளி) கதையும் வருகிறது. வெடித்ததும் ஒரு பையன் தன் இடத்தை விட்டு மேலே ஓடிவிட்டான். எதிரி முன்னால் காவலிடத்தை விட்டு ஓடினால் மரண தண்டனை வரை போகலாம். மவுண்ட்பேட்டன் எல்லா மாலுமிகளையும் நிற்கவைத்து, ஒருவனைத் தவிர மற்ற எல்லோரும் நான் எதிர்பார்த்தபடி நடந்தீர்கள், அந்த ஒருவனுக்கு எச்சரிக்கை, அவனுக்குப் புரியும்படி முன்பே சொல்லாத எனக்கும் ஒரு எச்சரிக்கை, ஆனால் இனிமேல் எவனாவது ஓடினால் சுடப்படுவான் என்கிற அர்த்தத்தில் பேசினார். பெயரைச் சொல்லவில்லை.

இதை நடிப்பு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயந்துபோன ஒரு பையனைக் காப்பாற்றிக்கொண்டே மற்றவர்களையும் இறுக்கிப் பிடித்துவிட்டார்.

#10 கப்பல்பித்தன்

மேடம், அந்தப் பேச்சு நல்ல பேச்சுதான், ஒத்துக்கொள்கிறேன். மனிதர்களைக் கையாளத் தெரிந்தவர். கப்பலைக் கையாளத் தெரிந்தவரா என்பதுதான் கேள்வி.

மே 1940க்கு வருவோம், இதுதான் புகழின் மையம். 9ம் தேதி. ஜெர்மன் கண்ணிவெடிக் கப்பல்களைத் தேடி வட கடலில் பர்மிங்காம் என்ற குரூசரோடு (நாசகாரியை விடப் பெரிய போர்க்கப்பல்) ஒரு படை போகிறது. வழியில் கெல்லியும் காண்டஹார் என்ற நாசகாரியும் நீர்மூழ்கி இருக்கிறதென்று சந்தேகப்பட்டு அதைத் துரத்திக்கொண்டு பின்தங்குகின்றன. பிறகு புல்டாக் என்ற இன்னொரு நாசகாரி வந்து சேர்ந்துகொள்கிறது. இருட்டும் நேரம், லேசான மூடுபனி. எஸ்-31 என்கிற ஜெர்மன் டார்பிடோ படகு விட்ட டார்பிடோ நேராக வந்து பாலத்துக்கு (கேப்டன் நின்று கப்பலை நடத்தும் மேல்மேடை) சற்றுக் கீழே, முன் பாய்லர் அறையில் இறங்கியது. ஐம்பது அடிக்கு ஓட்டை. 27 பேர் செத்தார்கள். போதாக்குறைக்குக் கொஞ்ச நேரம் கழித்து எஸ்-33 என்கிற இன்னொரு படகு இருட்டில் தடுமாறி வந்து புல்டாக் மேலும் கெல்லி மேலும் இடித்துவிட்டுப் போனது.

முதன்மைப் படையை விட்டு விலகி நீர்மூழ்கி வேட்டைக்குப் போனது அவருடைய முடிவு. அதற்கு விலை 27 உயிர். இந்தப் பகுதியை யாரும் சொல்வதில்லை, அடுத்து வரும் இழுவைக் கதையைத்தான் சொல்வார்கள்.

#11 முரளி_இன்ஜின்ரூம்

இழுவைக் கதையைச் சொல்லாமல் எப்படி விடுவது? அதுதான் கப்பல் தொழில். தொண்ணூறு மணி நேரத்துக்கு மேல். புல்டாக் இழுக்கிறது, கெல்லியின் வலப்பக்கத் தளம் கடல் மட்டத்துக்கு வந்துவிட்டது, பாய்லர் செத்துப்போச்சு. எடையைக் குறைக்க டார்பிடோ, ஆழ்வெடி, படகு, கழற்றமுடிந்த எல்லாவற்றையும் கடலில் தள்ளினார்கள். காயம்பட்டவர்களைக் காண்டஹார் ஏற்றிக்கொண்டது. மேலே விமானம் வந்தால் பீரங்கியைக் கையால் சுழற்றித்தான் சுடவேண்டும். ஒரு கட்டத்தில் கப்பலில் ஆள் எடை கூட ஆபத்து என்று 6 அதிகாரி, 12 மாலுமி மட்டும் நின்றார்கள். மூழ்கடித்துவிட்டு வந்துவிடலாம் என்கிற யோசனையும் மேலிருந்து வந்தது, இவர் கேட்கவில்லை.

கப்பலை நங்கூரம் போட்ட நிலையில் நிறுத்தி வைப்பதே கஷ்டமான சாய்வில் வட கடலைத் தாண்டி இழுத்து வருவது விளையாட்டில்லை. கயிறு அறுந்தது, திரும்பக் கட்டினார்கள். 13ம் தேதி டைன் நதிக்குள் வந்தபோது கரை இரண்டிலும் ஜனங்கள் நின்று ஆரவாரம் செய்தார்கள், அவர்கள் கட்டின கப்பல் அது.

அப்புறம் உலர்தளத்தில் (டிரை டாக்) ஏற்றித் தண்ணீரை இறைத்த பிறகுதான் பாய்லர் அறைப் பக்கம் சிக்கியிருந்தவர்களின் உடல்களை எடுக்கமுடிந்தது. ஹெப்பர்ன் இடுகாட்டில் புதைத்தார்கள். நினைவுச்சின்னத்தை மாலுமிகளும் பட்டறைத் தொழிலாளர்களும் சேர்ந்து எழுப்பினார்கள். இன்றும் இருக்கிறது.

இழுவையில் அவர் பிடிவாதம் பிடிக்காவிட்டால் கப்பல் போயிருக்கும். அந்த மதிப்பெண்ணை அவருக்குத்தான் கொடுக்கவேண்டும், கப்பல்பித்தன்.

#12 கப்பல்பித்தன்

இழுவைக்குக் கொடுத்துவிட்டேன், போதுமா. ஜாவெலினுக்கு என்ன மதிப்பெண் கொடுப்பீர்கள்?

தெரியாதவர்களுக்கு: கெல்லி பட்டறையில் கிடந்தபோது அவர் ஜாவெலின் என்ற ஜே-வகை நாசகாரியில் ஏறிப் படையை நடத்தினார். 29 நவம்பர் 1940, இங்கிலாந்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பால், இரவு. இவரிடம் ஐந்து நாசகாரிகள், ஜெர்மானியரிடம் மூன்று. எதிரி தென்பட்டதும் நேரே பாய்ந்திருக்கலாம், முதலில் சுட்டிருக்கலாம். இவர் எதிரிக்கு இணையாகப் போகத் திரும்பச் சொன்னார். திரும்புகிற நேரத்தில் ஜெர்மானியர் டார்பிடோக்களை விட்டுவிட்டார்கள். ஜாவெலினுக்கு முன்பக்கமும் போனது, பின்பக்கமும் போனது. 350 அடிக் கப்பலில் மிதந்தது ஏறக்குறைய 155 அடி. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மூன்று ஜெர்மன் கப்பலும் ஊர் போய்ச் சேர்ந்தன. அட்மிரால்டியில் இதற்குக் கடுமையான விமர்சனம் எழுந்தது.

#13 முரளி_இன்ஜின்ரூம்

ஜாவெலினுக்கு மதிப்பெண் பூஜ்யம்தான், அதில் வாதம் இல்லை. ஆனால் பாருங்கள், அந்த நடுத்துண்டும் மிதந்தது. இழுத்து வந்து, ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்து, திரும்பக் கடலுக்கு அனுப்பினார்கள். ஜாவெலின் போர் முடியும் வரை இருந்தது. அதே கோல் போட்ட நீளவாட்டுச் சட்டம்.

#14 திருமலைக்காரன்

வணக்கம் எல்லாருக்கும். இழையைத் தொடக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டு வந்தேன். மவுண்ட்பேட்டன் எங்கட பக்கம் வந்தது 1944ல், தென்கிழக்கு ஆசியக் கட்டளைத் தலைமையகத்தை டெல்லியில் இருந்து கண்டிக்கு மாற்றி, பேராதனைப் பூங்காவுக்குள்ளே அலுவலகம் வைத்திருந்தார். அழகான இடமாகப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நான் கேட்க வந்தது விமான எதிர்ப்பைப் பற்றி. 1942 ஏப்ரல் 9ம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலும் அதோடு போன வாம்பயர் நாசகாரியும் ஜப்பானிய டைவ்பாமர்களிடம் (செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானம்) போய்விட்டன. அதற்கு நாலு நாள் முதல் கொழும்புத் துறைமுகத்துக்குள்ளேயே டெனிடோஸ் என்ற பழைய நாசகாரி மூழ்கியது. வாம்பயர் ஆஸ்திரேலியக் கொடியில் ஓடியது, ஆனால் பிரிட்டனில் முதல் உலகப் போர்க் காலத்தில் கட்டினது. பழைய கப்பல்கள், மேலே சுட வசதி இல்லை என்று சொல்லலாம். கெல்லி புத்தம் புதுக் கப்பலாச்சே, அதற்கும் அதே கதி எப்படி வந்தது?

#15 முரளி_இன்ஜின்ரூம்

சரியான கேள்வி திருமலை. கெல்லியின் ஆறு பெரிய பீரங்கியும் 40 டிகிரிக்கு மேல் உயராது. தூரத்தில் தாழ்வாக வருகிற விமானத்தைச் சுடலாம், கப்பலுக்கு நேர் மேலே வந்து செங்குத்தாக விழுகிற ஸ்டூகா என்ற ஜெர்மன் டைவ்பாமரை அந்தப் பீரங்கியால் பார்க்கக்கூட முடியாது. அதற்கென்று இருந்தது நாலு குழல் பாம்பாம் (சிறிய விமான எதிர்ப்புப் பீரங்கி) ஒன்றும் கனரக எந்திரத் துப்பாக்கிகளும். அவ்வளவுதான். 1930களில் நாசகாரியின் முதல் எதிரி இன்னொரு நாசகாரி என்று நினைத்து வடிவமைத்தார்கள். யுத்தம் தொடங்கி ஏழு மாதத்தில் நார்வேயில் அந்த நினைப்பு பொய்யானது, ஆனால் அதற்குள் கப்பல்கள் கட்டியாகிவிட்டது. பிரிட்டனிடம் புதுசு பழசு எல்லாவற்றுக்கும் இதே நோய்தான்.

#16 சங்கீதா_வரலாறு

கிரீட் பகுதியை நான் எழுதுகிறேன், யாரும் கோபப்படாதீர்கள்.

ஏப்ரல் 1941 கடைசியில் மவுண்ட்பேட்டனின் ஐந்தாம் நாசகாரிப் படைப்பிரிவு மால்டா வந்தது. வந்த சில நாளில், மே 2ம் தேதி, ஜெர்சி என்ற நாசகாரி துறைமுக வாயிலிலேயே கண்ணிவெடியில் சிக்கி மூழ்கி வழியை அடைத்துக்கொண்டது. பிறகு பெங்காசித் துறைமுகத்தின் மேல் ஒரு இரவு குண்டுவீச்சு. 20ம் தேதி ஜெர்மன் பாராசூட் படை கிரீட்டில் குதிக்கிறது, மறுநாள் கெல்லி, காஷ்மீர், கிப்ளிங் என்ற நாசகாரிகள் மால்டாவில் இருந்து கிளம்புகின்றன. 22ம் தேதி பகலில் க்ளாஸ்டர், ஃபிஜி என்று இரண்டு குரூசர் போய்விட்டன. அன்றிரவு இந்த மூன்றும் தீவின் வடகரைக்குப் போகச் சொல்லப்பட்டன. போகும் வழியில் கிப்ளிங்குக்கு ஸ்டியரிங்கில் கோளாறு, பின்தங்கியது. மற்ற இரண்டும் உள்ளே போய் ஜெர்மன் படையை ஏற்றி வந்த பாய்மரப் படகுகளைச் சுட்டன, மலேமே விமானதளத்தைக் குண்டு வீசித் தாக்கின, பொழுது விடிவதற்குள் தெற்கே ஓட ஆரம்பித்தன.

விடிந்துவிட்டது. கிரீட்டுக்குத் தெற்கே உள்ள காவ்டோஸ் தீவுக்கு அருகே, காலை எட்டு மணிக்குச் சற்று முன், 24 ஸ்டூகா. காஷ்மீர் அடிபட்டு இரண்டு நிமிடத்தில் மூழ்கியது. கெல்லி 30 நாட் வேகத்தில் முழுக்கத் திரும்பிக்கொண்டிருந்தபோது குண்டு விழுந்தது, அந்த வேகத்திலேயே சாய்ந்து, ஓடிக்கொண்டே கவிழ்ந்தது. கவிழ்ந்த உடல் அரை மணி நேரம் மிதந்து பிறகு போனது. பாதிக்கு மேற்பட்ட ஆட்கள், 130 பேர் அளவில், அதோடு போனார்கள். மவுண்ட்பேட்டன் கடைசி வரை பாலத்தில் நின்றார், கப்பல் தலைகீழானபோது அடியில் போய் மூச்சுத் திணறி மேலே வந்தார்.

இதில் அவருடைய தவறு என்று எதைச் சொல்வீர்கள்? வானத்தில் ஒரு பிரிட்டிஷ் விமானம்கூட இல்லை. பகலில் கிரீட்டைச் சுற்றிப் போன பல கப்பல்கள் போய்விட்டன, நல்ல கேப்டன் கப்பலும் போனது.

#17 கப்பல்பித்தன்

கிரீட்டில் அவர் மேல் குறை இல்லை. இருக்கிற அத்தனை அடியிலும் அது ஒன்றுதான் முழுக்க எதிரி கொடுத்தது.

ஆனால் உண்மையான கப்பல் கதை அதற்கு அடுத்த மூன்று மணி நேரத்தில் நடக்கிறது. ஸ்டியரிங் கோளாறில் பின்தங்கிய கிப்ளிங் தெற்கே பக்கத்திலேயே இருந்தது. அதன் கேப்டன், கமாண்டர் ஆப்ரே செயின்ட் கிளேர்-ஃபோர்ட். கண் முன்னால் இரண்டு கப்பல் போவதைப் பார்த்துவிட்டு, அதே விமானங்கள் தலைக்கு மேல் இருக்க, தண்ணீரில் கிடந்தவர்களைப் பொறுக்கப் போனார். நாசகாரி உயிரோடு இருப்பது ஓடுவதால்தான், நின்றால் செத்தது. இவர் நின்றார், குண்டு வருகிறது என்று பார்த்ததும் நகர்ந்தார், திரும்ப வந்து நின்றார். நாற்பது விமானம், எண்பதுக்கும் மேற்பட்ட குண்டு. 279 பேரைத் தூக்கினார். மேல்தளத்தில் கால் வைக்க இடம் இல்லாமல் அலெக்சாண்ட்ரியா நோக்கிப் போய், கரைக்கு ஐம்பது மைல் இருக்கும்போது எண்ணெய் தீர்ந்துவிட்டது, ப்ரொடெக்டர் என்ற கப்பல் வந்து எண்ணெய் கொடுத்து அழைத்துப்போனது.

கிப்ளிங்குக்கு யாராவது படம் எடுத்தார்களா? ஒரு வருடம் கழித்து, 11 மே 1942, அதே மத்தியதரைக் கடலில் அதுவும் ஜெர்மன் விமானத் தாக்குதலில் போனது. லைவ்லியும் ஜாக்கலும் அதோடு போயின.

#18 ஓட்டேரி_நரி

அலெக்சாண்ட்ரியாவில் இறங்கும்போது எண்ணெயில் குளித்துக் கன்னங்கரேலென்று நின்ற மாமாவைப் பார்த்து, வேலியன்ட் கப்பலில் வேலையில் இருந்த அக்கா மகன் பிலிப் விழுந்து விழுந்து சிரித்தாராம். பின்னால் எலிசபெத் ராணியின் கணவர் ஆனாரே, அவரேதான். குடும்பத்தில் ஒருத்தராவது அவரைச் சீரியஸாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

அந்த ரோஸ் பெயின்ட்டை விட்டுவிட்டீர்களே? விடியலிலும் அந்தியிலும் கப்பல் தெரியக்கூடாது என்று ஒருவித இளஞ்சிவப்பு வண்ணம் கண்டுபிடித்துத் தன் கப்பல்களுக்கெல்லாம் அடித்தார். அந்த நேரத்தில் கொஞ்சம் மறைத்ததாம். நடுப்பகலில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

#19 புதியவன்

கே-வகையில் மொத்தம் எத்தனை கப்பல்? எதாவது மிஞ்சியதா? இந்தியக் கடற்படைக்கு இதில் ஒன்றாவது வந்ததா?

#20 முரளி_இன்ஜின்ரூம்

எட்டு. போர் முடிந்தபோது இருந்தது இரண்டு, கெல்வினும் கிம்பர்லியும்.

கார்ட்டூம் ஜூன் 1940லேயே செங்கடலில் போனது. இத்தாலிய நீர்மூழ்கியோடு சண்டை முடிந்த பிறகு சொந்த டார்பிடோவின் காற்றுக் கலன் வெடித்துத் தீப்பிடித்தது. காண்டஹார் டிசம்பர் 1941, திரிப்போலிக்கு வெளியே கண்ணிவெடி வயல், நெப்டியூன் குரூசரோடு சேர்ந்து. கிங்ஸ்டன் மால்டாவில் உலர்தளத்தில் பழுது பார்க்கிற நிலையிலேயே குண்டு வாங்கி முடிந்தது. மற்றதெல்லாம் மேலே வந்துவிட்டது. கெல்வின் மட்டும் ஆயுசு கெட்டி, 1944 ஜூன் 12ல் சர்ச்சிலை நார்மண்டி கரைக்குக் கூட்டிப்போனது அதுதான்.

இந்தியாவுக்குக் கே-வகை நேரடியாக வரவில்லை. ஆனால் இந்தச் சந்ததி வந்தது, பலபேருக்குத் தெரியாது. போர்க்காலத்தில் அவசரமாகக் கட்டின க்யூ, ஆர் வகைகளுக்கு ஜே, கே வகையின் உடல் வடிவத்தையே எடுத்துக்கொண்டார்கள், அதே இரண்டு பாய்லர், அதே ஒற்றைப் புகைபோக்கி. அந்த ஆர் வகையில் ரோதர்ஹாம், ரெடவுட், ரெய்டர் மூன்றும் 1949ல் நம்மிடம் வந்து ஐ.என்.எஸ். ராஜ்புத், ரஞ்சித், ராணா ஆயின. நம் கடற்படையின் முதல் நாசகாரிகள் இவைதான். 1971 டிசம்பரில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸியை மூழ்கடித்ததாக இந்தியா சொல்வது இந்த ராஜ்புத்தைத்தான். விக்ராந்தைத் தேடி மெட்ராஸ் பக்கம்வரை வந்துவிட்டுப் போன காஸி.

#21 திருமலைக்காரன்

ரோதர்ஹாமுக்கு இந்தப் பக்கத்தில் இன்னொரு கதையும் உண்டு. 1945ல் சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தில் ஜப்பானியர் சரணடைந்தபோது அதைப் பொறுப்பேற்கப் போன கப்பல் அது. தளத்தின் ஒரு வாயிலுக்கே ரோதர்ஹாம் கேட் என்று பெயர் வைத்தார்கள். தெற்காசியாக்காரருக்குக் கெல்லியை விட இந்தக் கப்பலில்தான் கதைக்க நிறைய இருக்கிறது.

#22 சங்கீதா_வரலாறு

ஒன்று மட்டும் சேர்த்துவிட்டுப் போகிறேன். கெல்லியில் உயிர் தப்பிய மாலுமிகள் சங்கம் வைத்துக்கொண்டு வருடா வருடம் கூடினார்கள், மவுண்ட்பேட்டனும் போய்க் கலந்துகொள்வார். இரண்டு முறை கிட்டத்தட்டச் செத்துப் பிழைத்த கீழ்த்தளத்து ஆட்கள், அவர் பதவியெல்லாம் விட்ட பிறகும் அவரைத் தங்கள் கேப்டன் என்றே வைத்திருந்தார்கள். ஃபோர்ப்ஸ் கணக்கில் 57 நாள், சரி. அந்த மாலுமிகள் கணக்கை எதில் சேர்ப்பீர்கள், கப்பல்பித்தன்?

#23 கப்பல்பித்தன்

அவர்கள் அன்பு உண்மைதான், மேடம், அதில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை. பேசத் தெரிந்த, பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த கேப்டனை மாலுமிக்குப் பிடிக்கும். மே 1940ல் கெல்லியில் செத்த 27 பேரிடமும் ஜாவெலின்காரர்களிடமும் கேட்கமுடியாது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

கிப்ளிங்குக்குத் தனி இழை தொடங்குகிறேன். முரளி, ஜே-வகையின் பாய்லர் அறைப் பிரச்சினையை அங்கே கொஞ்சம் விரிவாக எழுதுங்கள். மூன்றாவது பாய்லரைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தால் மே 1940ல் கெல்லி சொந்த நீராவியிலேயே ஊர் வந்திருக்குமா?

#24 முரளி_இன்ஜின்ரூம்

மூன்றாவது பாய்லர் வைத்தால் கப்பல் நீளும், நீண்டால் செலவு கூடும், 1937ல் அட்மிரால்டி அதற்குச் சரி என்று சொல்லியிருக்காது. பாய்லர் எண்ணிக்கையை விட முக்கியம், ஒரு பாய்லரும் ஒரு டர்பைனும் முன்னால், இன்னொரு ஜோடி பின்னால் என்று மாற்றி மாற்றி வைப்பது. அமெரிக்கர்கள் அப்படித்தான் செய்தார்கள். பிரிட்டன் அந்தப் பக்கம் திரும்பியது போர் முடியும் தறுவாயில். அங்கே வந்து எழுதுகிறேன்.